சலூன்காரர் மனைவியின் மிகைப்பிரதி

ஒரு பாட்டு ஒருவரிடம் ஒரு தடவை இருந்தால் போதும் என்று அரசாங்கம் முடிவு செய்த அதே வருடத்தில்தான் சலூன்காரர் புதுப் போன் வாங்கினார். முந்தின வருடம் வாங்கியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் முந்தின வருடம் பழைய போன் ஒழுங்காக வேலை செய்து தொலைத்தது.

அரசாங்கத்தின் முடிவுக்குத் தக்க காரணம் இருந்தது. நாட்டில் எல்லோர் கையிலும் இரண்டு மூன்று கருவிகள். ஒன்றிலிருக்கும் பாட்டை இன்னொன்றுக்கு அனுப்பினால் வழியில் அது குட்டி போட்டுவிடுகிறது. நாட்டிலுள்ள மொத்த இசையில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கும் இசைதான் என்று ஓர் உயர்மட்டக் குழு கண்டுபிடித்தது. குழு தன் அறிக்கையைக் கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்து எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பிவைத்தது. அதன் பேரில் மிகைப்பிரதி ஒழிப்புத் துறை உதயமானது.

துறை வந்தால் நாகரிகமும் கூடவே வரும். போனில் எந்தப் பாட்டும் ஒரு தடவைக்கு மேல் இல்லாதவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வட்ட வில்லை கொடுத்தார்கள். அதில் 'ஒற்றை' என்று எழுதியிருக்கும். சலூன் நாற்காலியில் உட்காருகிறவர்கள் மேலே போர்த்தும் துணியை விலக்கி, வில்லை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு முடி வெட்டிக்கொண்டார்கள். சலூன்காரரின் மச்சினன் இந்த விஷயத்தில் தீவிரம். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக நீக்கி, கடைசியில் ஒரே ஒரு பாட்டோடு நின்றான். அதுவும் அவனுக்குப் பிடித்த பாட்டு இல்லை.

"மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா மாமா!" என்பான்.

"இருக்காதா பின்னே, உள்ள ஒண்ணும் இல்லையே" என்பார் சலூன்காரர்.

அந்த மச்சினன்தான் புதுப் போனைப் பழைய போனோடு சேர்த்துக் கொடுத்தான். இதற்கு அரசாங்கத்தில் ஒத்திசைவு என்று பெயர். மற்றவர்கள் சிங்க் பண்ணுவது என்பார்கள். பட்டனை ஒரு தடவை அமுக்கு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் தொழிலா சலூன்காரர் செய்கிறார்? வலது கிருதாவை எடுத்தால் இடது கிருதாவையும் எடுத்துச் சமன் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பழையதிலிருந்து புதியதற்கு ஒரு தடவை அனுப்பினார். ஒரு பக்கம் மட்டும் செய்தது போல இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று புதியதிலிருந்து பழையதற்கும் அனுப்பினார். இப்போது பழையதில் ஒவ்வொரு பாட்டும் இரண்டாக இருந்தது. இடது பக்கம் கூடிவிட்டதே என்று மறுபடி வலது பக்கம் அனுப்பினார். இப்படிச் சமன் செய்து செய்து ஒரு தலையை மொட்டையாக்கிய அனுபவம் அவருக்கு இளம் வயதில் உண்டு. அதை நினைவு வைத்துக்கொண்டு நடுவில் நிறுத்தினார். ஆனாலும் காரியம் கெட்டுப் போயிருந்தது.

மற்றப் பாட்டெல்லாம் போகட்டும். கடையில் வாடிக்கையாளர் தூங்குவதற்காகப் போடுகிற பாட்டுகள்தான். ஒன்றே ஒன்றுதான் அவருக்கு உயிர். அது பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு நாள் காலையில் அவர் மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடியதை, அவளுக்குத் தெரியாமல் கதவோரம் நின்று பதிவு செய்தது. மெட்டு அவள் சொந்த மெட்டு. வார்த்தைகளும் அப்போதைக்கு வாயில் வந்தவை. நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு, "பால் பொங்குது பாருங்க! அடுப்ப அணைங்க! காதை எங்க கழட்டி வச்சீங்க?" என்று ஒரு கத்தல் கத்துவாள். உடனே விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துக்கொள்வாள். மெட்டு ஓர் இம்மி பிசகியிருக்காது.

அப்புறம் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. உயிருக்கு ஆபத்தில்லை, குரல் மட்டும் திரும்ப வரவில்லை. இப்போது பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தால் கிசுகிசுவென்று கேட்கும். அவள் திட்டும்போதெல்லாம் அவர் ஓடிப் போய்க் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பழையபடி மூன்று வீட்டுக்குக் கேட்கத் திட்டு வாங்க அவர் ஏங்கினார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து அந்தப் பதிவை ஒரு தடவை போட்டுக் கேட்பார். "எத்தனை நாளைக்குத்தான் இதையே கேப்பீங்க?" என்று அவள் கிசுகிசுப்பாள். அவர் குளிக்கப் போகும்போது போனை எடுத்து அவளும் அதைக் கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் பாட்டைப் போட்டால் பாடவில்லை. திரையில் எழுத்து வந்தது: 'இப்பதிவு இரட்டையாக உள்ளதால் தாவாவுக்கு உட்பட்டது. உரிய தீர்வு காணும் வரை ஒலிக்காது.' பழைய போனை எடுத்தார். அதிலும் அதே எழுத்து. ஒன்றை அழிக்கப் பார்த்தார். 'தன்னிச்சையான அழிப்பு தண்டனைக்குரியது' என்றது போன். மச்சினனைக் கூப்பிட்டார்.

"நல்லவேளை அழிக்கல மாமா. ஒரு பக்கம் அழிச்சா இன்னொரு பக்கமும் சேர்ந்து போயிடும். ஆபீஸ்ல போய்க் கேளுங்க. அங்க எல்லாம் சட்டப்படி நடக்கும்" என்றான் அவன். சட்டப்படி நடக்கும் என்று கேட்டதும் சலூன்காரர் ஒரு நாள் போதாது என்று இரண்டு நாளைக்குக் கடையைச் சாத்த முடிவு செய்தார்.

மிகைப்பிரதி ஒழிப்புத் துறை ஒரே மாதிரியான இரண்டு கட்டடங்களில் இயங்கியது. ஒன்று போதாமல் இல்லை. கட்டட ஒப்புதல் ஆணை இரண்டு தடவை வந்துவிட்டது. கண்காணிப்பாளர் அறையில் ஒரே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நியமன உத்தரவை இரு கட்டடக் கணினிகளும் ஒத்திசைவு செய்தபோது ஒரே பதவிக்கு இரண்டு கண்காணிப்பாளர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். யார் மிகை என்ற தாவா நிலுவையில் இருந்தது. அதுவரை இருவரும் சம்பளம் வாங்கிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"பதிவோட பேரு?" என்றார் முதல் கண்காணிப்பாளர்.

"புதிய பதிவுங்க. போனே வச்ச பேரு."

"எப்ப எடுத்தது?"

"அது ஆச்சுங்க ஏழெட்டு வருஷம்."

"அப்புறம் எப்படிப் புதுசு?" என்று இரண்டாவது கண்காணிப்பாளர் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குறித்துக்கொண்டார்.

"சரி, ரெண்டுல எது அசல்?" என்றார் முதலாமவர்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. ஏதாவது ஒண்ண எடுத்துடுங்க. இன்னொண்ணு பாடினாப் போதும்."

இரு கண்காணிப்பாளர்களின் முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியது. ஏதாவது ஒன்றை எடுத்துவிடலாம் என்ற பேச்சு அந்த அறையில் எவ்வளவு ஆபத்தானது என்று சலூன்காரருக்குத் தெரியாது.

"ஏதாவது ஒண்ணையா? நாங்க என்ன கண்ணைக் கட்டிக்கிட்டா வேலை பார்க்குறோம்? பிரதியை மட்டும்தான் நீக்குவோம். எது பிரதின்னு நீங்கதான் நிரூபிக்கணும்."

"ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே, நான் எப்படிங்க நிரூபிக்கிறது?"

"வித்தியாசம் இல்லாம ஒண்ணை அசல்னும் ஒண்ணைப் பிரதின்னும் எப்படிச் சொல்ல முடியும்?"

"அப்ப வித்தியாசம் இருக்குன்னே வச்சுக்குங்க" என்றார் சலூன்காரர், தப்பித்தால் போதும் என்று.

"வித்தியாசம் இருந்தா ரெண்டும் வேற வேற பாட்டு. வேற வேற பாட்டு ஒரே பேருல திரிஞ்சா அது ஆள்மாறாட்டம். அது காவல்துறை."

"ஐயோ, வேண்டாங்க. வித்தியாசம் இல்லீங்க."

"இல்லைன்னா நிரூபிங்க."

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். அடுத்தவர் தலையை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறவர், தன் தலை இவ்வளவு சூடாகி அன்றுதான் பார்த்தார். கண்காணிப்பாளர்கள் அவர்மேல் இரக்கப்பட்டார்கள். ஒரு வழி இருப்பதாகச் சொன்னார்கள். பாடியவரை நேரில் கொண்டுவந்து பாட வைத்தால், எந்தப் பதிவு அந்தக் குரலுக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அது அசல்.

"அதுக்கு முன்னாடி, ஆதாரத்துக்குக் கொஞ்சம் நகல் எடுத்துக்கிறோம்" என்றார் இரண்டாவது கண்காணிப்பாளர். எழுத்தர் அம்மாள் இரண்டு போன்களையும் வாங்கி மேசைக் கணினியில் செருகினாள். இந்தக் கட்டடத்துக்கு ஒன்று, அந்தக் கட்டடத்துக்கு ஒன்று, தலைமையகத்துக்கு ஒன்று, தணிக்கைக்கு ஒன்று, எதுவாவது தொலைந்தால் இருக்கட்டும் என்று மேலும் ஒன்று எனப் பதிவு வழிந்து போய்க்கொண்டே இருந்தது.

"அம்மா, ரெண்டு இருந்ததுக்கே இந்தப் பாடு. இத்தனை எடுக்குறீங்களே?" என்று சலூன்காரர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க வச்சிருந்தா அது மிகை. நாங்க வச்சிருந்தா அது ஆவணம்" என்றாள் எழுத்தர் அம்மாள், தலையைத் தூக்காமல்.

விசாரணைக்குக் குறித்த நாளில் மனைவியை அழைத்துக்கொண்டு போனார். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வரும் வழியெல்லாம், "இருக்கிற என்னை விட்டுட்டு இல்லாத குரலைத் தேடி அலையிறீங்க" என்று கிசுகிசுத்தாள். அவர் அவள் பக்கம் சாய்ந்தபடியே நடந்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

"பாடுங்கம்மா" என்றார் முதல் கண்காணிப்பாளர்.

அவள் பாடினாள். அதாவது, உதடு அசைந்தது. வறட்டுக் காற்று மாதிரி ஏதோ வந்தது. மெட்டு அதேதான், ஆனால் பக்கத்தில் நின்ற அவருக்கு மட்டும்தான் அது கேட்டது.

"சத்தமா."

"ஆபரேஷன் ஆச்சுங்க. இவ்வளவுதாங்க வரும்" என்றார் சலூன்காரர்.

அலுவலகக் கணினியில் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். "அடுப்ப அணைங்க!" என்று அந்த அறை அதிரக் குரல் வந்ததும் எழுத்தர் அம்மாள் சட்டென்று எழுந்து, மூலையில் தேநீருக்குச் சூடாகிக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஏன் அணைத்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

"பதிவுல இருக்கிற பெண்மணி கத்துறாங்க. இவங்க கத்தல" என்று முதல் கண்காணிப்பாளர் முடிவாகச் சொன்னார். சலூன்காரரின் மனைவி கணவர் காதில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"வெளிய சொல்ற மாதிரி இல்லீங்க" என்றார் சலூன்காரர்.

தீர்ப்பை இரண்டாவது கண்காணிப்பாளர் வாசித்தார். "மேற்படி பதிவுகள் இரண்டையும் பரிசீலித்ததில், அவை எந்தக் குரலின் பதிவுகள் எனக் கூறப்படுகிறதோ அக்குரல் தற்போது நடைமுறையில் இல்லை எனத் தெரியவருகிறது. அசல் இல்லாத நிலையில் பிரதிகள் அனைத்தும் மிகையே ஆகும். எனவே இரண்டும் இதனால் நீக்கப்படுகின்றன." எழுத்தர் அம்மாள் ஒரு விசையைத் தட்டினாள். போன்களைத் திருப்பிக் கொடுத்தாள். கூடவே ஒரு வட்ட வில்லையும் கொடுத்தாள். சலூன்காரர் இப்போது சட்டப்படி ஒற்றை.

"உங்ககிட்ட அத்தனை நகல் இருக்கே. ஒண்ணே ஒண்ணு குடுங்க சார். கையெடுத்துக் கும்பிடறேன்."

"நீக்கப்பட்ட பாட்டை உங்ககிட்ட குடுத்தா, நீக்கப்பட்ட பாட்டை வச்சிருந்த குத்தத்துக்கு உங்களையே நாங்க பிடிக்க வேண்டி வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். மேல்முறையீடு பண்ணணும்னா போன்ல கூப்பிடுங்க."

வீட்டுக்கு வந்து சலூன்காரர் சாப்பிடவில்லை. குரல் போன அன்றுகூட அவர் அழவில்லை. பதிவுதான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தார். இப்போது உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மனைவி பக்கத்தில் வந்து அவர் தலையைக் கோதி, "நான்தான் இருக்கேனே" என்றாள். "இருக்கே. ஆனா என்னைத் திட்ட ஆள் இல்லாமப் போச்சே" என்றார் அவர். தனக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னாள்.

மறுநாள் மேல்முறையீட்டுக்காகத் துறையின் எண்ணுக்குக் கூப்பிட்டார். அந்தத் துறையில் போனை யாரும் எடுத்ததாக ஊரில் ஒரு பேச்சும் இல்லை. 'தயவுசெய்து இணைப்பில் இருங்கள்' என்று ஒரு குரல் சொல்லும். அதன்பிறகு கூப்பிட்டவர் சாகும் வரை கொர்ரென்று ஓர் இரைச்சல் கேட்கும். அன்று இரைச்சல் வரவில்லை. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலிருந்து அவர் மனைவி பாடினாள்.

நடந்தது இதுதான். துறையில் உள்ள கருவிகள் எல்லாம் தம்முள் ஒத்திசைந்திருக்க வேண்டும் என்பது துறையின் விதி. எடுத்த நகல்கள் ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்குப் பரவி, தொலைபேசி எந்திரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டன. 'புதிய பதிவு' என்ற பெயரைப் பார்த்ததும், காத்திருப்போருக்குப் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று எந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த அலுவலகத்தில் ஒரு வேலையைத் தாமதமின்றி முடித்தது அது மட்டும்தான்.

சலூன்காரர் மனைவியைக் கூவி அழைத்தார். போனை மேசையில் வைத்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள். "பரவாயில்லையே, நல்லாத்தான் பாடியிருக்கேன்" என்று கிசுகிசுத்தாள். பாட்டு முடிந்ததும் எந்திரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அன்று முதல் தினம் சாயங்காலம் கடையைச் சாத்தியதும் துறைக்குப் போன் போடுவது அவர்கள் வழக்கமாயிற்று. யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற ஒரு பயத்தைத் தவிர அவருக்கு வேறு குறை இல்லை. துறை அவரைக் கைவிடவில்லை.

ஊரிலும் அந்தப் பாட்டு பரவியது. ஒற்றை வில்லை குத்தியவர்களுக்கு வீட்டில் கேட்பதற்கு அதிகமாக ஒன்றும் மிச்சமில்லை அல்லவா? குறையே இல்லாதவர்களும் துறைக்குக் கூப்பிட்டார்கள். மச்சினன் காலையில் பல் விளக்கும்போது கூப்பிட்டான். "அடுப்ப அணைங்க!" என்ற இடம் வந்ததும் அத்தனை வீட்டிலும் ஆட்கள் எழுந்து போய் அடுப்பை அணைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வேலையில்லாமல் வண்டியைக் கழுவிக் கழுவிப் பெயின்ட் போய்விட்டது. இத்தனை பேர் விரும்பி அழைக்கும் அலுவலகம் நாட்டிலேயே வேறு இல்லை என்று துறைக்குச் சிறந்த மக்கள் சேவைக்கான கேடயம் கிடைத்தது. ஒரே பதவி என்பதால் ஒரே கேடயம். இரு கண்காணிப்பாளர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள்.

கேடயம் வாங்கிய கையோடு துறை சும்மா இருக்குமா? மக்கள் காட்டிய அன்புக்குக் கைம்மாறாக, அடுத்த மாதம் முதல் எந்த அழைப்பும் காத்திருக்காது, மணியடித்த மாத்திரத்தில் எடுக்கப்படும் என்று அறிவித்தது.

ஊரே ஆடிப் போயிற்று. சலூன்காரர் கடையில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லி, 'தயவுகூர்ந்து எங்கள் போனை எடுக்காதீர்கள்' என்று ஆளுக்கொரு மனு எழுத வைத்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே எழுதிக் கொடுத்தார். ஊரில் மனுப் போடாதவர் கிடையாது. வண்டி வைத்துக் கொண்டுபோய் இறக்கினார்கள். சில நாளில் பதில் வந்தது: 'தங்கள் மனுக்கள் யாவும் ஒரே வாசகத்தைக் கொண்டிருந்தமையால் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையவை மிகைப்பிரதிகளாக நீக்கப்பட்டன. எஞ்சியிருப்பது தனி நபர் ஒருவரின் கோரிக்கை மட்டுமே என்பதால், பொதுநலன் கருதி அது ஏற்கப்படவில்லை.'

மச்சினன் அதைப் படித்துவிட்டு சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

முதல் தேதி வந்தது. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு சலூன்காரர் வீட்டுக்கு வந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். சலூன்காரர் எண்ணை அழுத்தினார். மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை.

"வணக்கம், மிகைப்பிரதி ஒழிப்புத் துறை. சொல்லுங்க" என்றது ஒரு குரல். முதல் கண்காணிப்பாளரா, இரண்டாமவரா தெரியவில்லை.

மனைவியின் முகம் வாடிப் போனதைச் சலூன்காரர் பார்த்தார். "ஒண்ணும் இல்லீங்க. கொஞ்ச நேரம் காத்திருக்கலாம்னு கூப்பிட்டேன்" என்றார்.

"எதுக்காகக் காத்திருக்கணும்?"

"எதுக்காகவும் இல்லீங்க. சும்மா காத்திருக்கணும்."

"அப்படியெல்லாம் சும்மா காத்திருக்க முடியாதுங்க. அதுக்கு அனுமதி வாங்கணும்."

"அனுமதிக்கு யாரைப் பார்க்கணுங்க?"

மறுமுனையில் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரையோ, "இது உங்க வேலையா, என் வேலையா?" என்று கேட்பது கேட்டது. அவர் தன் வேலை இல்லை என்றார். இவரும் இல்லை என்றார்.

"விசாரிச்சுச் சொல்றோம். ஒரு நிமிஷம், இணைப்புலயே இருங்க" என்றது குரல்.

பாத்திரம் உருண்டது. பாட்டு ஆரம்பித்தது. சலூன்காரரும் மனைவியும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடு இடம் வந்தது. "பால் பொங்குது பாருங்க! அடுப்ப அணைங்க! காதை எங்க கழட்டி வச்சீங்க?" என்று மூன்று வீட்டுக்குக் கேட்கத் திட்டு விழுந்தது. பால் நிஜமாகவே பொங்கிக்கொண்டிருந்தது. சலூன்காரர் துள்ளி எழுந்து ஓடிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலையிலேயே, காத்திருக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டு ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் துறைக்குப் போன் போட்டார்கள். எல்லோரையும் ஒரு நிமிஷம் இணைப்பில் இருக்கச் சொன்னார்கள். அந்த நிமிஷம் இன்னும் முடியவில்லை.